முதல் உலகப் போரில் ஐக்கிய அமெரிக்கா: நடுநிலை, போர் நுழைவு, பின்விளைவுகள்

முதல் உலகப் போர் 1914 ஆம் ஆண்டு சூலை மாத இறுதியில் தொடங்கியபோது ஐக்கிய அமெரிக்கா நடுநிலை நாடாக இருந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு எட்டு மாதங்கள் அந்த நிலையில் நீடித்த பின், 1917 ஏப்ரல் 6 அன்று ஜெர்மனியின் மீது போர் அறிவித்தது. அடுத்த பத்தொன்பது மாதங்களில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் படையில் சேர்த்து, அவர்களுள் சுமார் 20 இலட்சம் பேரைப் பிரான்சுக்கு அனுப்பியது. 1918 நவம்பர் 11 அன்று போர் நின்றது. ஆனால் போருக்குப் பிந்தைய அமைதி உடன்படிக்கையை அமெரிக்க மேலவையான செனட் ஏற்க மறுத்தது. தன் குடியரசுத் தலைவரே வடிவமைத்த உலக நாடுகள் சங்கத்தில் அந்நாடு கடைசி வரை சேரவில்லை.

ஒரு நடுநிலை நாடு எவ்வாறு படிப்படியாகப் போருக்குள் இழுக்கப்படுகிறது, வென்ற பிறகும் அந்த வெற்றியை எவ்வாறு கையாள முடியாமல் போகிறது என்பதை விளக்க வரலாற்று மாணவர்கள் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு இது.

நடுநிலை என்பதன் பொருள்

போரிடும் இரு தரப்பில் எதற்கும் படை உதவி செய்யாமலும், தன் நிலத்தைப் போருக்குத் தளமாக விடாமலும் இருப்பது நடுநிலையின் அடிப்படை. 1907 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைகள் நடுநிலை நாடுகளின் உரிமைகளையும் கடமைகளையும் வரையறுத்தன. அவற்றின்படி நடுநிலை அரசு போரிடும் நாட்டுக்கு ஆயுதம் கொடுக்கக் கூடாது. ஆனால் அந்நாட்டின் தனியார் வணிகர்கள் ஆயுதம் விற்பதைத் தடுக்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை.

இந்த வேறுபாடு பின்னாளில் மிகவும் முக்கியமானதாயிற்று. சட்டப்படி பார்த்தால் அமெரிக்கத் தொழிற்சாலைகள் எந்தத் தரப்புக்கும் வெடிமருந்து விற்கலாம். ஆனால் கடலில் பிரித்தானியக் கடற்படையின் கை ஓங்கியிருந்ததால், விற்ற சரக்கு ஒரு தரப்பை மட்டுமே சென்றடைய முடிந்தது. சட்டத்தில் இருந்த சமநிலை நடைமுறையில் இல்லை.

1914: விலகி நிற்கும் முடிவு

குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் 1914 ஆகத்து 4 அன்று நடுநிலையை அறிவித்தார். அதே மாதம் 19 அன்று செனட்டுக்கு அனுப்பிய செய்தியில், செயலில் மட்டுமின்றி எண்ணத்திலும் அமெரிக்கர்கள் பக்கம் சாராமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

இவ்வேண்டுகோளுக்கு உள்நாட்டுக் காரணம் ஒன்று இருந்தது. 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை சுமார் 9.2 கோடி. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அல்லது வெளிநாட்டில் பிறந்த பெற்றோரின் பிள்ளைகள். ஜெர்மானிய வழியினர் பெருந்தொகையினராக இருந்தனர். ஐரிசு மக்களில் பலருக்குப் பிரித்தானியாவின் மீது நீண்டநாள் பகை இருந்தது. சார் மன்னரின் உருசியாவிலிருந்து தப்பி வந்த யூதர்களுக்கு உருசியா வெல்வதில் விருப்பமில்லை. ஆங்கிலேய வழியினரும் அரசியல், கல்வித் துறைகளில் செல்வாக்குப் பெற்றிருந்தவர்களும் பெரும்பாலும் நேச நாடுகளின் பக்கம் சாய்ந்தனர். எந்தப் பக்கம் சேர்ந்தாலும் நாட்டுக்குள் பிளவு ஏற்படும் என்பதை வில்சன் உணர்ந்திருந்தார்.

வணிகமும் கடனும்

போர் தொடங்கியவுடன் பிரித்தானியா ஜெர்மனியைக் கடல்வழியே முற்றுகையிட்டது. 1914 நவம்பரில் வடகடல் முழுவதையும் போர்ப் பகுதியாக அறிவித்தது. உணவுப் பொருள்கள் உட்பட ஜெர்மனிக்குச் செல்லும் சரக்குகள் தடுக்கப்பட்டன. நடுநிலைக் கப்பல்கள் நிறுத்திச் சோதிக்கப்பட்டன. இது நடுநிலை நாடுகளின் உரிமையை மீறுவது என்று அமெரிக்கா எழுத்து வழியே கண்டித்தது. ஆனால் அதற்கு மேல் செல்லவில்லை.

இதனால் வணிகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 1914இல் சுமார் 82 கோடி டாலராக இருந்த நேச நாடுகளுடனான வணிகம் 1916இல் சுமார் 320 கோடி டாலராக உயர்ந்தது. ஜெர்மனியுடனான நேரடி வணிகம் ஏறக்குறைய நின்றுபோனது. 1913-14இல் மந்தமாக இருந்த அமெரிக்கப் பொருளாதாரம், கோதுமை, பருத்தி, எஃகு, வெடிமருந்து ஆகியவற்றுக்கான தேவையால் எழுச்சி பெற்றது.

வாங்கும் நாடுகளுக்குப் பணம் தேவைப்பட்டது. போரிடும் நாடுகளுக்குக் கடன் கொடுப்பது நடுநிலையின் உண்மையான மனப்பான்மைக்கு ஒவ்வாதது என்று வெளியுறவுச் செயலர் வில்லியம் ஜென்னிங்சு பிரையன் 1914இல் கருத்துத் தெரிவித்தார். ஓராண்டுக்குள் அந்த நிலைப்பாடு கைவிடப்பட்டது. 1915 அக்டோபரில் ஜே. பி. மார்கன் வங்கியின் தலைமையில் பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் 50 கோடி டாலர் கடன் திரட்டப்பட்டது. 1917 ஏப்ரல் வரை நேச நாடுகளுக்கு அமெரிக்கர்கள் கொடுத்த கடன் சுமார் 230 கோடி டாலர். ஜெர்மனிக்குக் கொடுத்தது சுமார் 2.7 கோடி டாலர் மட்டுமே.

நீர்மூழ்கிக் கப்பல் சிக்கல்

முற்றுகைக்குப் பதிலடியாக ஜெர்மனி 1915 பிப்ரவரியில் பிரித்தானியத் தீவுகளைச் சுற்றிய கடற்பரப்பைப் போர்ப் பகுதியாக அறிவித்து, அங்கு வரும் வணிகக் கப்பல்களை நீர்மூழ்கிக் கப்பல்களால் தாக்கத் தொடங்கியது.

அன்றைய கடற்போர் விதிகளின்படி, போர்க்கப்பல் ஒன்று வணிகக் கப்பலை மூழ்கடிப்பதற்கு முன் அதை நிறுத்தி, சோதனையிட்டு, அதில் உள்ளவர்களின் உயிருக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும். நீர்மூழ்கிக் கப்பலால் இதைச் செய்வது கடினம். அதன் வலிமை மறைந்திருப்பதில்தான் உள்ளது. நீருக்கு மேலே வந்து நின்றால், வணிகக் கப்பலில் பொருத்தப்பட்ட சிறு பீரங்கியே அதை உடைத்துவிடும். ஆகவே விதியைப் பின்பற்றினால் ஆயுதம் பயனற்றதாகிவிடும். ஆயுதத்தைப் பயன்படுத்தினால் விதி மீறப்படும். பிரித்தானியாவின் முற்றுகை பொருள்களைப் பறித்தது, நீர்மூழ்கிக் கப்பல் உயிர்களைப் பறித்தது என்ற வேறுபாடே அமெரிக்கப் பொதுமக்களின் பார்வையை வெகுவாக மாற்றியது.

1915 மே 7 அன்று அயர்லாந்துக் கரைக்கு அருகே லூசித்தானியா என்ற பிரித்தானியப் பயணிகள் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. இறந்த 1,198 பேரில் 128 பேர் அமெரிக்கர்கள். கப்பலில் துப்பாக்கித் தோட்டாக்களும் ஏற்றப்பட்டிருந்தன. அதில் பயணம் செய்வது ஆபத்து என்று ஜெர்மன் தூதரகம் அமெரிக்க நாளிதழ்களில் முன்பே அறிவிப்பு வெளியிட்டிருந்தது. எனினும் குழந்தைகள் உட்பட இத்தனை பேர் இறந்தது நாட்டை உலுக்கியது.

இதற்கு எவ்வாறு பதில் அளிப்பது என்பதில் அமைச்சரவைக்குள் முரண்பாடு எழுந்தது. போர்ச் சரக்கு ஏற்றிய கப்பல்களில் அமெரிக்கர்கள் பயணம் செய்வதைத் தடுக்க வேண்டும், பிரித்தானியாவின் முற்றுகையையும் இதே கடுமையுடன் கண்டிக்க வேண்டும் என்று பிரையன் வாதிட்டார். நடுநிலை நாட்டுக் குடிமக்கள் எந்தக் கப்பலிலும் பயணம் செய்யும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்று வில்சன் கருதினார். 1915 சூன் மாதம் பிரையன் பதவி விலகினார்.

வில்சனின் நிலைப்பாட்டில் ஓர் இடர் மறைந்திருந்தது. குடிமக்களின் பயண உரிமையை நாட்டின் மதிப்போடு பிணைத்ததன் மூலம், அமெரிக்கா போரில் இறங்குமா என்பதை முடிவு செய்யும் வாய்ப்பு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தளபதிகளின் கைக்குப் போனது. 1916 மார்ச்சில் சசெக்சு என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பல் தாக்கப்பட்டபோது, இத்தகைய தாக்குதல் தொடர்ந்தால் தூதரக உறவை முறிப்பதாக வில்சன் எச்சரித்தார். முன்னெச்சரிக்கையின்றி வணிகக் கப்பல்களை மூழ்கடிப்பதில்லை என்று மே 4 அன்று ஜெர்மனி உறுதியளித்தது. சசெக்சு உறுதிமொழி எனப்படும் இது ஒன்பது மாதங்கள் நிலைத்தது.

தேர்தலும் சமரச முயற்சியும்

1916 நவம்பர் தேர்தலில், நாட்டைப் போரிலிருந்து விலக்கி வைத்தவர் என்ற முழக்கத்துடன் வில்சனின் சனநாயகக் கட்சி போட்டியிட்டது. வில்சனுக்கு 277 தேர்வாளர் வாக்குகளும், எதிர்த்து நின்ற சார்லசு இவான்சு இயூசுக்கு 254 வாக்குகளும் கிடைத்தன. கலிபோர்னியாவில் 4,000க்கும் குறைவான வாக்கு வேறுபாடு முடிவைத் தீர்மானித்தது.

வெற்றி பெற்ற பின் வில்சன் இரு தரப்பையும் சமரசத்துக்குக் கொண்டுவர முயன்றார். டிசம்பர் 18 அன்று அவரவர் போர் நோக்கங்களைத் தெரிவிக்குமாறு கேட்டார். 1917 சனவரி 22 அன்று செனட்டில் பேசியபோது, வெற்றி தோல்வியற்ற அமைதியே நிலைக்கும் என்றும், தோற்றவர் மீது திணிக்கப்படும் அமைதி மனக்கசப்பையே விட்டுச் செல்லும் என்றும் கூறினார். அவர் இதைப் பேசிய நாளில், ஜெர்மனி தன் முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தது.

1917: போரை நோக்கிய பத்து வாரங்கள்

சனவரி 9 அன்று பிளெசு அரண்மனையில் கூடிய ஜெர்மன் தலைமை, எல்லாக் கப்பல்களையும் எச்சரிக்கையின்றித் தாக்கும் வரம்பற்ற நீர்மூழ்கிப் போரைத் தொடங்க முடிவு செய்தது. இதனால் அமெரிக்கா போரில் இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அமெரிக்கா படை திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்குள், உணவும் மூலப்பொருளும் இல்லாமல் பிரித்தானியா பணிந்துவிடும் என்று கடற்படைத் தலைமை கணக்கிட்டது. முற்றுகையால் ஜெர்மன் நகரங்களில் மக்கள் கிழங்குகளை உண்டு குளிர்காலத்தைக் கழித்த நேரம் அது. பிப்ரவரி 1 அன்று தாக்குதல் தொடங்கியது. 3 அன்று அமெரிக்கா தூதரக உறவை முறித்தது.

அடுத்து வெளிவந்தது சிம்மர்மன் தந்தி. ஜெர்மன் வெளியுறவுச் செயலர் ஆர்தர் சிம்மர்மன் சனவரி 16 அன்று மெக்சிகோவில் இருந்த தம் தூதருக்கு இரகசியக் குறியீட்டில் அனுப்பிய செய்தி அது. அமெரிக்கா போரில் இறங்கினால் மெக்சிகோ ஜெர்மனியுடன் கூட்டுச் சேர வேண்டும், அதற்கு ஈடாக டெக்சாசு, நியூ மெக்சிகோ, அரிசோனா ஆகிய பகுதிகளை மீட்க உதவலாம் என்பது அதன் சாரம். சமரசப் பேச்சுக்கு உதவியாக ஜெர்மனிக்கு அமெரிக்கா தன் தூதரகத் தந்தி வழியைப் பயன்படுத்த அனுமதி கொடுத்திருந்தது. இந்தச் செய்தியும் அதே வழியில்தான் சென்றது. பிரித்தானியக் கடற்படையின் குறியீட்டு முறிப்புப் பிரிவு அதைப் படித்து, பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவிடம் கொடுத்தது. மார்ச் 1 அன்று நாளிதழ்களில் அது வெளியானது. பலர் அதைப் பிரித்தானியாவின் போலி ஆவணம் என்று ஐயுற்றனர். ஆனால் மார்ச் 3 அன்று சிம்மர்மனே அது தம்முடையது என ஒப்புக்கொண்டார். கடல் போரில் அக்கறை காட்டாத தென்மேற்கு, மேற்கு மாநில மக்களுக்கும் இப்போது போர் தங்கள் வாசலுக்கு வந்ததாகத் தோன்றியது.

மார்ச் நடுப்பகுதியில் மூன்று அமெரிக்க வணிகக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கடிக்கப்பட்டன. அதே வாரத்தில் உருசியாவில் சார் மன்னர் முடி துறந்தார். கொடுங்கோல் ஆட்சியுடன் கூட்டா என்ற நேச நாடுகளின் பக்கத்துத் தருமசங்கடம் அதனால் நீங்கியது.

போர் அறிவிப்பும் எதிர்ப்புக் குரல்களும்

ஏப்ரல் 2 அன்று வில்சன் காங்கிரசின் கூட்டு அமர்வில் போர் அறிவிப்பைக் கோரினார். உலகைச் சனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாக்குவதே நோக்கம் என்றார். செனட்டில் 82 பேர் ஆதரவாகவும் 6 பேர் எதிராகவும் வாக்களித்தனர். கீழவையில் 373 பேர் ஆதரவு, 50 பேர் எதிர்ப்பு.

எதிர்த்தவர்களின் வாதங்கள் கவனிக்கத்தக்கவை. பிரித்தானியாவின் கடல் முற்றுகையைப் பொறுத்துக்கொண்டு ஜெர்மனியின் மீறலை மட்டும் தண்டிப்பது நடுநிலையே அல்ல என்றார் விசுகான்சின் செனட்டர் இராபர்ட் லா ஃபாலெட். போர் செல்வர்களின் கடனைக் காப்பதற்கே என்றார் நெப்ராசுகா செனட்டர் சார்ச் நாரிசு. காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணான ஜெனட் இரான்கின் எதிர்த்து வாக்களித்தார். 1941இல் சப்பான் மீதான போர் அறிவிப்பையும் எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர் அவரே.

போரில் இறங்கிய பின்னும் அமெரிக்கா நேச நாடுகளின் கூட்டணி உடன்படிக்கைகளில் கையெழுத்திடவில்லை. தன்னை இணைந்து போரிடும் நாடு என்று மட்டுமே அழைத்துக்கொண்டது. நேச நாடுகளின் இரகசிய நிலப்பங்கீட்டு ஒப்பந்தங்களுக்குத் தான் கட்டுப்பட்டதல்ல என்று காட்டவே இந்த ஏற்பாடு.

படையும் பொருளாதாரமும்

1917 ஏப்ரலில் அமெரிக்காவின் நிலையான தரைப்படையில் சுமார் 1,27,000 பேரே இருந்தனர். தன்னார்வலர்களை மட்டும் நம்ப முடியாது என்பதால் மே 18 அன்று கட்டாயப் படைச் சேவைச் சட்டம் நிறைவேறியது. சுமார் 2.4 கோடி ஆண்கள் பதிவு செய்தனர். சுமார் 28 இலட்சம் பேர் படைக்கு எடுக்கப்பட்டனர்.

தொழில் உற்பத்தியை ஒழுங்குபடுத்தப் போர்த் தொழில் வாரியம் அமைக்கப்பட்டது. எர்பர்ட் ஊவரின் தலைமையில் இயங்கிய உணவு நிர்வாகம் கோதுமையும் இறைச்சியும் இல்லாத நாள்களைக் கடைப்பிடிக்க மக்களைக் கேட்டுக்கொண்டது. 1917 டிசம்பரில் இருப்புப் பாதைகள் அரசின் கட்டுப்பாட்டுக்கு வந்தன. போர்க் கடன் பத்திரங்கள் மூலம் சுமார் 2,100 கோடி டாலர் திரட்டப்பட்டது. உயர் வருமானத்துக்கான வரி விகிதம் 1918இல் 77 விழுக்காட்டைத் தொட்டது.

படைத்தலைவர் ஜான் பெர்சிங், தம் வீரர்களைப் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகளில் சிறு சிறு பிரிவுகளாகக் கலக்க மறுத்து, தனிப்படையாகவே நடத்த விரும்பினார். 1918 கோடையில் பெல்லோ காடு உள்ளிட்ட இடங்களில் ஜெர்மன் முன்னேற்றத்தைத் தடுப்பதில் அமெரிக்கர்கள் பங்கேற்றனர். செப்டம்பர் 26 அன்று தொடங்கிய மியூசு-ஆர்கோன் தாக்குதலில் சுமார் 12 இலட்சம் அமெரிக்க வீரர்கள் ஈடுபட்டனர். சுமார் 26,000 பேர் அதில் இறந்தனர். போரில் இறந்த அமெரிக்கப் படையினர் மொத்தம் சுமார் 1,16,500 பேர். இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நோயால், குறிப்பாக 1918 இன்ஃபுளுவென்சா கொள்ளை நோயால் இறந்தவர்கள்.

உள்நாட்டில் உரிமைகள்

நடுநிலைக் காலத்தில் வில்சன் அஞ்சிய உள்நாட்டுப் பிளவு போர்க்காலத்தில் வேறு வடிவத்தில் வந்தது. சார்ச் கிரீல் தலைமையிலான பொதுத் தகவல் குழு சுவரொட்டிகள், திரைப்படங்கள், பேச்சாளர்கள் மூலம் போர் ஆதரவைப் பரப்பியது. ஜெர்மன் மொழிப் பாடங்கள் பல பள்ளிகளில் நிறுத்தப்பட்டன. 1918 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தில் ஜெர்மானியக் குடியேறி ஒருவர் கும்பலால் தூக்கிலிடப்பட்டார்.

1917 சூனில் உளவுச் சட்டமும், 1918 மேயில் அரசுப் பகைப் பேச்சுச் சட்டமும் வந்தன. இவற்றின் கீழ் 2,000க்கும் மேற்பட்டோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. போரை விமர்சித்துப் பேசிய சோசலிசத் தலைவர் யூசின் டெப்சுக்குப் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1920 தேர்தலில் சிறையிலிருந்தே போட்டியிட்டு 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். 1921 டிசம்பரில் விடுவிக்கப்பட்டார்.

மறுபுறம், போர்க்காலப் பணிகளில் பெண்கள் ஆற்றிய பங்கு அவர்களின் வாக்குரிமைக் கோரிக்கைக்கு வலுச் சேர்த்தது. 1920 ஆகத்தில் அரசியலமைப்பின் பத்தொன்பதாவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலை வேலைகளுக்காகக் கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குப் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். பிரான்சில் போரிட்டு வந்த கறுப்பின வீரர்கள் தாயகத்தில் பழைய ஒடுக்குமுறையையே சந்தித்தனர். 1919 கோடையில் பல நகரங்களில் இனக் கலவரங்கள் வெடித்தன. சிகாகோவில் மட்டும் 38 பேர் இறந்தனர்.

பதினான்கு அம்சங்களும் பாரிசு மாநாடும்

1918 சனவரி 8 அன்று வில்சன் பதினான்கு அம்சத் திட்டத்தை வெளியிட்டார். ஒளிவுமறைவற்ற உடன்படிக்கைகள், கடல்வழிச் சுதந்திரம், ஆயுதக் குறைப்பு, குடியேற்ற நாடுகள் பற்றிய கோரிக்கைகளை நியாயமாகத் தீர்த்தல், உலக நாடுகளின் பொதுச் சங்கம் ஆகியவை அதில் இடம்பெற்றன. இந்த அடிப்படையில்தான் ஜெர்மனி போர் நிறுத்தம் கேட்டது.

அவருடைய சொற்கள் அடிமைப்பட்ட நாடுகளிலும் நம்பிக்கையைத் தூண்டின. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதியும் தன்னாட்சி இயக்கத் தலைவருமான எசு. சுப்பிரமணிய ஐயர், 1917 சூனிலேயே வில்சனுக்குக் கடிதம் எழுதி இந்தியாவுக்குத் தன்னாட்சி கிடைக்க ஆதரவு கோரினார். இக்கடிதம் வெளிவந்தபோது பிரித்தானிய நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. அவர் அரசு தமக்கு அளித்திருந்த பட்டங்களைத் துறந்தார். எகிப்து, கொரியா, சீனா ஆகிய நாடுகளிலும் 1919இல் மக்கள் எழுச்சிகள் தோன்றின. ஆனால் வென்ற நாடுகளின் பேரரசுகளைத் தன்னுரிமைக் கொள்கை தொடவில்லை.

பாரிசு மாநாட்டுக்குச் சென்றபோது வில்சனின் அரசியல் பலம் குறைந்திருந்தது. 1918 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி இரு அவைகளிலும் பெரும்பான்மை பெற்றிருந்தது. உடன்படிக்கைக்கு செனட்டின் மூன்றில் இரு பங்கு ஆதரவு தேவை. அப்படியிருந்தும் தம் தூதுக்குழுவில் செனட் உறுப்பினர் எவரையும், எதிர்க்கட்சியின் முன்னணித் தலைவர் எவரையும் அவர் சேர்க்கவில்லை. 1919 சூன் 28 அன்று வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது. போருக்கான பொறுப்பும் இழப்பீடும் ஜெர்மனி மீது சுமத்தப்பட்டன. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு முன் அவரே எச்சரித்த திணிக்கப்பட்ட அமைதிதான் இறுதியில் உருவானது. அதன் குறைகளை உலக நாடுகள் சங்கம் காலப்போக்கில் திருத்தும் என்று அவர் நம்பினார்.

செனட்டில் தோல்வி

எதிர்ப்பின் மையம் சங்க ஒப்பந்தத்தின் பத்தாவது பிரிவு. உறுப்பு நாடுகள் ஒன்றின் நில எல்லையை மற்றொன்று காக்க வேண்டும் என்றது அது. காங்கிரசின் ஒப்புதலின்றி அமெரிக்க இளைஞர்கள் ஏதோ ஒரு தொலைதூர எல்லைக்காகப் போரிட நேருமா என்பதே கேள்வி.

செனட்டில் மூன்று அணிகள் இருந்தன. உடன்படிக்கையை அப்படியே ஏற்க வேண்டும் என்ற வில்சனின் ஆதரவாளர்கள், எந்த வடிவிலும் ஏற்கக் கூடாது என்ற சிறு குழுவினர், சில நிபந்தனைகளுடன் ஏற்கலாம் என்றோர். வெளியுறவுக் குழுத் தலைவர் என்றி காபட் லாட்சு பதினான்கு நிபந்தனைகளை முன்வைத்தார். இந்த அணிகளில் முதலும் மூன்றும் சேர்ந்திருந்தால் பெரும்பான்மைக்கு மேல் கிடைத்திருக்கும்.

வில்சன் இணங்கவில்லை. 1919 செப்டம்பரில் மக்களிடம் நேரடியாகப் பேச மேற்கு மாநிலங்களுக்குத் தொடர்வண்டிப் பயணம் மேற்கொண்டார். பயணத்தின் நடுவே உடல்நலம் குன்றியது. அக்டோபர் 2 அன்று கடும் பக்கவாதம் தாக்கியது. அதன் பிறகு அவர் மனைவியும் மருத்துவரும் அவரைச் சந்திப்போரைக் கட்டுப்படுத்தினர். நோயின் கடுமை மக்களுக்கு மறைக்கப்பட்டது. படுக்கையிலிருந்தே, நிபந்தனைகளுடன் கூடிய தீர்மானத்தை எதிர்க்குமாறு தம் கட்சியினருக்கு அறிவுறுத்தினார்.

நவம்பர் 19 அன்று நிபந்தனைகளுடன் கூடிய தீர்மானம் 39க்கு 55 என்ற வாக்குகளிலும், நிபந்தனையற்ற தீர்மானம் 38க்கு 53 என்ற வாக்குகளிலும் தோற்றன. 1920 மார்ச் 19 அன்று நடந்த இறுதி வாக்கெடுப்பில் 49 பேர் ஆதரித்தனர், 35 பேர் எதிர்த்தனர். மூன்றில் இரு பங்குக்கு ஏழு வாக்குகள் குறைவு. எதிர்த்தவர்களில் பலர் வில்சனின் சொல்லைக் கேட்ட அவருடைய கட்சியினரே.

1920 தேர்தலில் இயல்பு நிலைக்குத் திரும்புவோம் என்ற வாரன் ஆர்டிங் சுமார் 60 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். சட்டப்படி ஜெர்மனியுடனான போர் 1921 சூலை 2 அன்று காங்கிரசு தீர்மானம் ஒன்றின் மூலமே முடிவுக்கு வந்தது. ஆகத்தில் தனி உடன்படிக்கை கையெழுத்தானது.

போருக்குப் பிந்தைய சிக்கல்கள்

திடீரெனப் போர் நின்றதால் அரசு ஒப்பந்தங்கள் வேகமாக நீக்கப்பட்டன. வீடு திரும்பிய வீரர்களுக்கு வேலை தருவதற்கான திட்டம் எதுவும் ஆயத்தமாக இல்லை. 1914க்கும் 1920க்கும் இடையே விலைவாசி ஏறத்தாழ இருமடங்கானது. 1919இல் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தங்களில் ஈடுபட்டனர். உருசியப் புரட்சியின் அச்சத்தால் 1919-20இல் ஆயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். 1921, 1924 ஆம் ஆண்டுகளின் குடியேற்றச் சட்டங்கள் வெளிநாட்டவர் வருகையைக் கடுமையாகக் குறைத்தன.

கடன் சிக்கல் நாட்டின் எல்லையைத் தாண்டியது. நேச நாடுகள் அமெரிக்க அரசுக்குச் சுமார் 1,000 கோடி டாலர் தர வேண்டியிருந்தது. அவை அதை ஜெர்மனியின் இழப்பீட்டிலிருந்து கட்ட நினைத்தன. ஜெர்மனியிடம் பணம் இல்லை. 1924இல் வகுக்கப்பட்ட தாசு திட்டத்துக்குப் பின் அமெரிக்க வங்கிகள் ஜெர்மனிக்குக் கடன் கொடுத்தன. ஜெர்மனி நேச நாடுகளுக்கு இழப்பீடு கட்டியது. நேச நாடுகள் அமெரிக்காவுக்குக் கடனைத் திருப்பின. 1929 பொருளாதாரச் சரிவுடன் அமெரிக்கக் கடன் வற்றியதும் இந்தச் சுழற்சி நின்றது. 1930களின் நடுவில் பின்லாந்தைத் தவிரப் பெரும்பாலான நாடுகள் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டன.

முன்னாள் வீரர்களுக்குச் சேவை நாள்களுக்கான ஈட்டுத்தொகை வழங்க 1924இல் சட்டம் வந்தது. ஆனால் பணம் 1945இல்தான் கைக்கு வரும். பெருமந்தத்தில் வேலையிழந்த முன்னாள் வீரர்கள் 1932இல் ஆயிரக்கணக்கில் குடும்பங்களுடன் வாசிங்டனில் கூடி, அதை உடனே தருமாறு கேட்டனர். சூலை 28 அன்று தளபதி டக்ளசு மக்கார்தர் தலைமையில் படையினர் அவர்களின் குடிசைகளைக் காலி செய்வித்தனர். தொகை இறுதியில் 1936இல் வழங்கப்பட்டது. இந்தக் கசப்பான அனுபவமே, அடுத்த போர் முடியும் முன்பே 1944இல் வீரர்களுக்குக் கல்வி, வீட்டுக்கடன் உதவிகளை உறுதி செய்யும் சட்டத்தை இயற்றத் தூண்டிய காரணங்களில் ஒன்று.

மீண்டும் நடுநிலை

1934 முதல் 1936 வரை செனட்டர் செரால்டு நை தலைமையிலான குழு ஆயுத வணிகர், வங்கியாளர் ஆகியோரின் பங்கை ஆராய்ந்தது. கடனையும் ஆயுத விற்பனையையும் காக்கவே நாடு போரில் இறங்கியது என்ற கருத்து மக்களிடையே பரவியது. அதன் விளைவாக 1935, 1936, 1937 ஆம் ஆண்டுகளில் நடுநிலைச் சட்டங்கள் நிறைவேறின. போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்றல், கடன் கொடுத்தல், அந்நாட்டுக் கப்பல்களில் அமெரிக்கர் பயணம் செய்தல் ஆகியவை தடை செய்யப்பட்டன. 1915இல் பிரையன் கேட்டது இருபது ஆண்டுகளுக்குப் பின் சட்டமாயிற்று.

ஆனால் இச்சட்டங்கள் முந்தைய போரின் காரணங்களுக்கே அணை கட்டின. தாக்கும் நாட்டையும் தாக்கப்படும் நாட்டையும் அவை ஒரே தட்டில் வைத்தன. 1939இல் ஐரோப்பாவில் போர் தொடங்கியதும் ஆயுதத் தடை தளர்த்தப்பட்டது. 1941 மார்ச்சில் கடன்-குத்தகைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. இம்முறை இரு கட்சியினரும் அமைதித் திட்டத்தில் தொடக்கத்திலிருந்தே சேர்க்கப்பட்டனர். 1945 சூலை 28 அன்று ஐக்கிய நாடுகள் சாசனத்தை செனட் 89க்கு 2 என்ற வாக்குகளில் ஏற்றது.

வரலாற்று மதிப்பீடு

அமெரிக்கா போரில் இறங்கியதன் காரணம் குறித்து வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நீர்மூழ்கிப் போரே உடனடிக் காரணம் என்போர், சசெக்சு உறுதிமொழி நிலைத்த மாதங்களில் போர்ப் பேச்சு தணிந்திருந்ததைச் சான்றாகக் காட்டுவர். பொருளாதாரப் பிணைப்பை முதன்மையாகக் கருதுவோர், ஒரு தரப்புக்கு மட்டும் கிடைத்த சரக்கும் கடனுமே ஜெர்மனியை அந்த இறுதி முடிவுக்குத் தள்ளின என்பர். அமைதி மாநாட்டில் இடம்பெற வேண்டும் என்ற வில்சனின் விருப்பத்தை வேறு சிலர் வலியுறுத்துவர். இவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. வணிகம் சாய்ந்ததால் முற்றுகை வலுத்தது. முற்றுகை வலுத்ததால் நீர்மூழ்கிகள் வந்தன. பயண உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்ததால் அவை அமெரிக்காவின் சிக்கலாயின.

பின்விளைவைப் பொறுத்தவரை, படை திரட்டுவதற்குக் காட்டிய முனைப்பில் ஒரு பங்குகூட படை கலைப்பதற்கும், அமைதிக்கு உள்நாட்டு ஒப்புதலைத் திரட்டுவதற்கும் காட்டப்படவில்லை. நடுநிலையை அறிவிக்க ஒரு நாள் போதுமாக இருந்தது. அதைக் காப்பதற்கு, யாருக்கு விற்பது, யாருக்குக் கடன் கொடுப்பது, யாருடைய மீறலைப் பொறுப்பது என்று நாள்தோறும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சிறு முடிவுகளின் கூட்டுத்தொகையாகவே 1917 ஏப்ரல் 6 அமைந்தது.